அந்தக் கிரகத்தில் ரயில் உண்டு

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் சரியில்லை. இப்படி, ஜன்னல் பக்கம் வாருங்கள். கடல்காற்று வரும். உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வருகிற காற்றுதான்.

முதலில் தண்ணீர் குடியுங்கள். நீங்கள் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டீர்கள். வாசலில் நின்று, செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டீர்கள். விமானத்தில் வரும்போதே மனப்பாடம் பண்ணியிருப்பீர்கள் போல. "நான் நிலந்தி. கொழும்பிலருந்து வாறன். கஸ்பார் மோத்தா என்ட அப்பா." மூன்று வாக்கியம். பிள்ளைகளுக்கு ஆயுள் முழுக்க இலக்கணம் சொல்லிக்கொடுத்தவள் நான். சுருக்கமாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். ஃபோட்டோவையும் பார்த்தேன். அவர்தான். அந்த வயதில் நான் என் வீட்டுக்காரரைப் பார்த்ததில்லை, ஆனாலும் அவர்தான். முடியை அப்படி மேலே ஏற்றிச் சீவுகிற ஆள் இந்தத் தூத்துக்குடியில் வேறு யாரும் கிடையாது.

அதெல்லாம் சரி. உங்களைப் பற்றி எங்களிடம் எப்போதாவது பேசினாரா என்று கேட்டீர்கள். அதுவும் சரி, கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று சொன்னீர்களே, அதைத்தான் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். "பாவம், உங்களுக்கும் மறைச்சிட்டார்" என்றீர்கள். இரக்கத்தில்தான் சொன்னீர்கள், தெரிகிறது. அந்த இரக்கம் எனக்கு வேண்டாம். அவர் என்னிடம் மறைக்கவில்லை. என்னிடம் சொல்லியிருக்கிறார். ஒருநாள் இல்லை, ஒரு தடவை இல்லை. ஒரு கோடை முழுக்க, சனிக்கிழமை தவறாமல், தெருவே கேட்கும்படி சொல்லியிருக்கிறார்.

எப்படி என்று கேளுங்கள்.

எண்பத்து நாலில் எங்களுக்கு மெட்ராஸ் டி.வி. கிடைக்காது. இங்கே டி.வி. வாங்கினவர்கள் எல்லாம் உங்கள் ஊர்ப் படத்துக்காகத்தான் வாங்கினார்கள். ரூபவாஹினி, இலங்கை டி.வி. மொட்டைமாடியில் தென்னை உயரத்துக்கு இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியில் மீன் முள் மாதிரி ஆண்டெனா. கடலைத் தாண்டி வருகிற படம். கோடையில் துலக்கமாக வரும். மழை பிடித்துவிட்டால் வெறும் புள்ளி. ஒருவர் மாடியில் நின்று குழாயைத் திருப்ப வேண்டும். ஒருவர் ஜன்னலில் நின்று கத்த வேண்டும். எங்கள் வீட்டில் குழாய் திருப்புகிறவர் பக்கத்து வீட்டுத் தொம்மை அண்ணன், ஐஸ் ஃபாக்டரியில் வேலை. கத்துகிறவள் நான். வகுப்பில் கத்திப் பழகின குரல்.

"வருதா டீச்சர்?"

"வருது, வருது... போச்சு!"

"இப்ப?"

"தலை வருது, உடம்பு வரலை!"

"எவன் தலை?"

"கேப்டன் தலை!"

"அப்ப போதும், உடம்ப வச்சு என்ன செய்யப்போறிய!"

படம் தெளிந்ததும் அவர் குழாயை விட்டால் மறுபடியும் ஓடிப்போகும். அதனால் மாடியிலேயே குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார், பாவம். அந்தத் தொடரில் ஒரு காட்சிகூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. கதை மட்டும் முழுக்கத் தெரியும். ஏனென்றால் என் வீட்டுக்காரர் அவருக்கும் சேர்த்து உரக்கச் சொல்வார்.

தொடரா? விண்வெளித் தொடர். வெள்ளைக்காரர்கள் எடுத்தது, சிங்களத்தில் குரல் கொடுத்து ஓடியது. "ஹீலியன்" என்று ஒரு விண்கலம். அதற்கு ஒரு கேப்டன். நட்சத்திரம் நட்சத்திரமாகப் போய்க்கொண்டே இருப்பார்கள். கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருப்போம், ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியாது. இவர் ஒருவர்தான் கொழும்பில் புறக்கோட்டையில் துணிக்கடையில் இருந்தவர், சிங்களம் தெரிந்தவர். இங்கே வந்து உப்பு ஏற்றுமதி ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வீட்டில் பேச்சே கிடையாது. என்னையும் ஊரைப் போல டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். சோறு போடட்டுமா என்றால் தலையசைப்பார். வயிறு நிறைந்ததா என்றால் அதற்கும் அதே தலையசைப்பு. அப்படிப்பட்ட மனிதர் சனிக்கிழமை சாயங்காலம் டி.வி. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார் என்றால், எங்கிருந்துதான் அந்தக் குரல் வருமோ.

"அந்தா நீலமாத் தெரியுதுல்லா, அதுதான் அவன் முந்தி இருந்த எடம். ரொம்ப வருசம் இருந்தான். இப்ப எறங்கவிட மாட்டேங்கானுவ."

மாடியிலிருந்து தொம்மை அண்ணன்: "ஏன், என்ன செஞ்சான்?"

"ஒண்ணும் செய்யல. இருக்கதுக்குக் குடுத்த தவணை முடிஞ்சிட்டு. நீ வெளியாளு, கெளம்புன்னுட்டான்."

"எவன் சொன்னது?"

"மண்டையில கொம்பு வச்ச ஒருத்தன் வாறாம்லா, அந்த ஆபீசரு."

எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. அண்டவெளியில் எந்த மூலைக்குப் போனாலும் அங்கேயும் ஒரு ஆபீசர் உட்கார்ந்திருப்பான் என்பது எவ்வளவு நல்ல கற்பனை. ஆசிரியர் அறையில்கூடச் சொன்னேன். "விண்கலத்துக்கு விசாவா?" என்று சிரித்தார்கள். வெள்ளைக்காரன் யோசித்துத்தான் எழுதியிருப்பான் என்று சண்டை போட்டேன்.

அந்த நீலக் கிரகத்தில் கேப்டனுக்கு ஒரு பெண் இருந்தாள். ஒரு குழந்தையும். கேப்டன் ஒற்றைப் பையோடு புறப்பட்டான், மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு. குழந்தைக்கு அப்போது பேச்சு வரவில்லை. அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்றதாம். அவளுடைய பெயர் என்ன என்று நான் கேட்டேன். "அத அவன் வாயால சொல்லமாட்டான்" என்றார். அவள் முகத்தைக் காட்டவே இல்லையே என்று யாரோ கேட்டார்கள். "நெனப்புல வாறது. படத்துல எப்படிக் காட்டுவான்?" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

கேப்டன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நிற்பான், நாங்கள் எல்லாரும் மூச்சுவிடாமல் கேட்போம். "இந்நேரம் அவ பிள்ளைக்கிச் சோறு ஊட்டுவா. ரயிலக் காட்டினாத்தான் அது வாயத் தொறக்கும்."

"கிரகத்தில் ரயில் எப்படி வந்தது?" என்று நான்தான் கேட்டேன்.

"ஏன் டீச்சர், அங்கயும் மனுசன்தான இருக்கான். ரயில் உண்டு. கடல ஒட்டியே ஓடும். அல வந்து தண்டவாளத்துல தெறிக்கும்."

ஏன், என்ன ஆயிற்று? ஓ. அந்த ரயில் உங்கள் வீட்டுக்குப் பின்னாலேயா? சரி. சரி. கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள், மேசையில் துவாலை இருக்கிறது. நான் சொல்லி முடித்துவிடுகிறேன், இடையில் நிறுத்தினால் எனக்குக் கோர்வை தப்பிவிடும்.

அந்தக் கலத்தில் வரைபடம் பார்க்கிற ஒருத்தி இருந்தாள். கண்ணாடி போட்டவள். எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் அவள்தான். யார் பேச்சையும் கேட்கமாட்டாள், அவள் கணக்குத் தப்பாது. கேப்டன் பிற்பாடு அவளைக் கட்டிக்கொண்டான் என்று சொன்னார். அக்காள் ஒருத்தி பார்த்துக் கட்டிவைத்தாளாம். தொம்மை அண்ணன் மேலேயிருந்து கேட்டார்: "அவ்வளவு பெரிய கப்பல் ஓட்டுதான், ராத்திரியோட ராத்திரியா சின்னப் படகு ஒண்ண எடுத்துக்கிட்டுப் போய் எறங்க வேண்டியதுதான?"

இவர் ஸ்டூலைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டார். அப்புறம் சொன்னார். "போலாம். இவளத் தனியா உட்டுட்டு எப்படிப் போவான்? இவ ஒண்ணும் செய்யலயே."

இப்படியே ஆவணி வரை போனது. எனக்கு அலுப்புத் தட்டிவிட்டது. நான் கல்லூரியில் இலக்கியம் படித்தவள். ஒரு கதையில் எது ஒட்டும், எது ஒட்டாமல் தொங்கும் என்று எனக்குத் தெரியும். வாராவாரம் இவன் கண்ணாடி முன்னால் நின்று பெருமூச்சு விட்டால் கலத்தை யார் ஓட்டுவது? ஒரு சனிக்கிழமை எல்லாரையும் வைத்துக்கொண்டே சொன்னேன். "இதை எழுதினவனுக்கு எழுதத் தெரியவில்லை. அந்தப் பெண் இந்நேரம் வேறு ஒருத்தனைக் கட்டியிருப்பாள். பிள்ளை அவனைத்தான் அப்பா என்று கூப்பிடும். இவன் முகம்கூட அதற்கு ஞாபகம் இருக்காது. கூட இருக்கிற பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டு இவன் வேலையைச் செய்யட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் நன்றாகச் சொல்லக்கூடியவள், சொன்னால் சிரிப்பார்கள்.

இவர் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தார். "கட்டியிருந்தா நல்லதுதான் டீச்சர்" என்றார்.

மாடியிலிருந்து சத்தம் வந்தது. "என்னவே, பேச்சையே காணோம்? படம் போச்சா?"

"படம் இருக்கு. சண்ட போடுதானுவ. வேற ஒண்ணுமில்ல."

அன்றிலிருந்து அந்தப் பெண் கதையில் வரவில்லை. ரயில் வரவில்லை. வெறும் சண்டை, வெடி, துரத்தல். கதை விறுவிறுப்பாகத்தான் போனது. நான் சொன்னது சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

உங்கள் அம்மா கட்டிக்கொண்டார்களா?

இல்லையா.

ம்.

அது எனக்கு எப்படித் தெரியும்? நான் கேப்டனைத்தானே சொன்னேன்.

ஐப்பசியில் ஒரு காற்று அடித்தது. குழாய் வளைந்து பக்கத்து ஓட்டின் மேல் சாய்ந்துவிட்டது. தொம்மை அண்ணன் வேறு குழாய் கொண்டுவருகிறேன் என்றார். இவர் "போதும்ணே" என்றார். அவ்வளவுதான். முடிவு என்ன என்று எங்களுக்குத் தெரியவே இல்லை. மறுபடியும் தலையசைப்பு மட்டும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்கும் யாரும் இரக்கப்பட வேண்டாம். இரண்டு பேர் இருக்கிற வீடு அமைதியாக இருக்கும், நான் திருத்துகிற பரீட்சைத் தாள் சரசரக்கும், அவர் ரேடியோவை மெதுவாக வைத்துக் கேட்பார். நன்றாகத்தான் வாழ்ந்தோம். அப்படியே பழகி, அப்படியே ஒருநாள் காலையில் போய்விட்டார்.

போன வருஷம் எனக்குக் கண்ணில் ஆபரேஷன். புத்தகம் படிக்கக் கூடாது என்றார் டாக்டர். படிக்காமல் நான் என்ன செய்ய? என் தங்கை ஒரு டேப்லெட் வாங்கித் தந்தாள். அதில் ஒருநாள் சும்மா "ஹீலியன்" என்று அடித்துப் பார்த்தேன். அத்தனை பாகமும் வந்து நிற்கிறது. யாரோ எந்த நாட்டிலோ இருக்கிற ஒரு புண்ணியவான் ஏற்றி வைத்திருக்கிறான். ஆங்கிலத்தில், வசனம் கீழே எழுத்தில். படிக்கக் கூடாது என்றால் இதையும்தான் படிக்கக் கூடாது. நான் படித்தேன்.

முதலில் சிரிப்பாக வந்தது. நாங்கள் புள்ளிக்கு நடுவில் பார்த்தபோது அது எவ்வளவு பெரிய கலம்! இப்போது துலக்கமாகப் பார்த்தால் சோப்புப் பெட்டி. கேப்டன் சாய்ந்தால் சுவர் ஆடுகிறது. கொம்பு வைத்தவனுக்குக் கொம்பு ஒட்டின இடம் பிசின் தெரிகிறது. போகட்டும். நான் காத்துக்கொண்டிருந்தேன், அந்தப் பெண்ணுக்காக. கேப்டன் கண்ணாடி முன்னால் போய் நின்றான். நீலக் கிரகம் தெரிந்தது. டேப்லெட்டை மூக்குக்குப் பக்கத்தில் தூக்கிக்கொண்டேன். அவன் வாயைத் திறந்தான். கீழே எழுத்து வந்தது: "மூன்றாவது என்ஜின் சூடாகிறது. எரிபொருள் எவ்வளவு இருக்கிறது?"

பின்னால் ஓட்டிப் பார்த்தேன். திரும்பவும் என்ஜின்தான்.

கடைசிவரை பார்த்தேன். பெண் இல்லை. குழந்தை இல்லை. தவணை இல்லை. கொம்பு வைத்தவன் ஆபீசரே இல்லை, ஏதோ ஒரு ராஜா, சூரியனை அணைக்கப்போகிறானாம். எதற்கு அணைக்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. வரைபடக்காரியைக் கேப்டன் கட்டவும் இல்லை, ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை. கடைசியில் கலத்தைக் கொண்டுபோய் ராஜாவின் கோட்டையில் மோதி எல்லாரும் செத்துப்போகிறார்கள். இதற்காகவா ஒரு மனிதர் கோடை முழுக்க மாடியில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்?

எனக்கு வந்த கோபம்! அந்தா மாட்டியிருக்கிறதே, அவர் படம், அதன் முன்னால் போய் நின்று சத்தம் போட்டேன். "சிங்களம் தெரியும், சிங்களம் தெரியும் என்று சொன்னீரே, இதுதானா? நாலு கெஜம், எட்டு கெஜம் என்று துணி விற்கத் தெரிந்ததை வைத்துக்கொண்டு எங்களை எல்லாம் ஏய்த்துவிட்டீரே!" ஒரு வாரம் படத்துக்குப் பூ வைக்கவில்லை. அப்புறம் வைத்தேன். வெள்ளைக்காரன் எழுதினதைவிட இவர் கட்டின கதை எவ்வளவோ மேல். சொல்லுங்கள், எது கதை? சூரியனை அணைக்கிறதா, இறங்க முடியாமல் சுற்றிக்கொண்டிருக்கிறதா? அந்தத் தொடரைத் தப்பாக எடுத்துவிட்டார்கள். அதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

ஆக, ஒரு வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது இதுதான். இவருக்கு மொழி தெரியாது, தெரியாததை மறைக்கக் கதை விட்டார் என்று.

இன்றைக்கு நீங்கள் வந்தீர்கள். மாடிப்படி ஏறும்போது, தமிழ் நன்றாகப் பேசுகிறீர்களே என்றேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அப்பா சிங்களம் கதைச்சா தமிழ் ஆள் எண்டே தெரியாதாம். அம்மா சிங்கள ஆள், அவவே சொல்லுவா, என்னைவிட வடிவாக் கதைப்பார் எண்டு." சொன்னீர்களா இல்லையா? நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, மூச்சு வாங்குகிறது என்று நினைத்தீர்கள். மூச்சு இல்லை.

அவருக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. என்ஜின் சூடானது புரிந்திருக்கிறது. எரிபொருள் எவ்வளவு என்பது புரிந்திருக்கிறது. அதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு இதைச் சொல்லியிருக்கிறார். யாருக்கு? தொம்மை அண்ணனுக்கா? மற்றவர்கள் வந்தார்கள், போனார்கள். தரையில், பெட்டிக்கு நேர் முன்னால், வாராவாரம் உட்கார்ந்திருந்தவள் நான். எனக்குத்தான் சொன்னார். கேட்டவளுக்குப் புரியவில்லை என்றால், சொன்னவர் மறைத்தார் என்று ஆகிவிடுமா? நான் நடத்தின பாடம் பாதிப் பேருக்குப் புரியாது. அதற்காக டீச்சர் நடத்தவே இல்லை என்று எவளாவது சொல்லட்டும், பார்க்கிறேன்.

அந்த வரைபடக்காரியை எதற்குக் கேப்டனுக்குக் கட்டிவைத்தார் என்பது மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கதைக்கு அது தேவையே இல்லை.

என்ன? எதற்கு நன்றி? நான் என் பக்கத்து நியாயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் நன்றி சொல்கிறீர்கள்.

இதோ பாருங்கள், கீழே இருக்கிறார்களே ரெஜினா மைனி, உங்கள் அப்பாவின் அக்காள், உங்களுக்குக் கதவு திறந்தவர்கள். என்னிடம் வந்து என்ன சொன்னார்கள் தெரியுமா? "யாரோ வந்திருக்கிறார்கள்" என்று சொல்லவில்லை. "வந்திட்டா" என்றார்கள். எண்பது வயதுக்கு மேல் ஆகிறது, கண் சரியாகத் தெரியாது, உங்கள் முகத்தைப் பார்த்ததும் "வந்திட்டா". அப்படியென்றால் எத்தனை வருஷமாகத் தெரிந்திருக்கிறது? என்னைப் பெண் பார்க்க வந்து, என் வீட்டு முறுக்கைத் தின்றுகொண்டு, "தம்பி தங்கமான பிள்ளை, ஒரு பேச்சு கிடையாது" என்று சொன்னபோதே தெரிந்திருக்கிறது.

போதாததற்குப் புத்திமதி வேறு. நாளைக்குக் கல்லறைத் திருநாள். ஊரில் உள்ள கத்தோலிக்கர் அத்தனை பேரும் கல்லறைத் தோட்டத்தில் இருப்பார்கள். துடைத்து, வெள்ளையடித்து, பூப் போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, சாமியார் வந்து தீர்த்தம் தெளிக்கிறவரை அவரவர் ஆட்களிடம் நிற்பார்கள். மைனி சொல்கிறார்கள்: "டீச்சர், நாளைக்கி ஊரே வரும். அவள நாளன்னைக்கி வரச் சொல்லு. ஆளில்லாத நேரத்துல வந்து கும்பிட்டுட்டுப் போகட்டும். ஒனக்குத்தான் கேவலம்."

எனக்கு என்ன கேவலம்? தெரியாமல் இருந்தவளுக்குத்தான் கேவலம்.

இனி நீங்கள், வாருங்கள் என்றெல்லாம் சொல்லமாட்டேன், நீ என்னைவிட ரொம்பச் சின்னவள். நாளைக்கே வா. ஆள் இல்லாத நேரத்தில் ஒளிந்து வருகிற வேலை வேண்டாம். வெள்ளை உடுத்திக்கொண்டு வராதே, உங்கள் ஊர் வழக்கமாக இருக்கலாம், இங்கே வேண்டாம். நல்ல நிறத்தில் உடுத்து. சாமியார் வரும்போது நீ எனக்கு வலப்பக்கம் நில். மைனி அந்தப் பக்கம் இருக்கட்டும், நான் நாற்காலி போட்டுத் தருகிறேன். சுற்றி இருக்கிறவர்கள் பார்ப்பார்கள். அந்த மூக்கையும் நெற்றியையும் வைத்துக்கொண்டு நீ நின்றால் பார்க்காமல் என்ன செய்வார்கள். கேட்பார்கள். கேட்கட்டும். அவருடைய மகள், கொழும்பில் இருக்கிறாள் என்று நான் சொல்வேன்.

"ஒங்களுக்குத் தெரியுமா டீச்சர்?" என்பார்கள். அந்த இடத்தில் நீ வாயைத் திறக்காதே. அழுகை வந்தால் அழு, அது உன் இஷ்டம். பதில் நான் சொல்லிக்கொள்கிறேன். மைனி காதில் விழுகிற மாதிரி, வகுப்பில் பேசுகிற குரலில் சொல்வேன். தெரியும், அவரே என்னிடம் சொன்னார் என்று.

எந்த வருஷம் என்று கேட்டால்கூட என்னால் சொல்ல முடியும்.